டாஸ்க்பாரின் வலது மூலை

என் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. மேசையும் என்னுடையது இல்லை. நாற்காலியை மட்டும், பழையது உடைந்தபோது சண்டை போட்டு வாங்கினேன் என்பதால், பாதி என்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம். போடியில் ஒரு ஏலக்காய்த் தோட்டக்காரரின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். தோட்டம் மேலே, மலை உச்சியில் இருக்கிற மெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம். முதலாளி கீழே, போடியில். இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே நடப்பதைக் கட்டி மேய்க்கத்தான் ஆபீஸ்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலாளியின் குலசாமி படம் திரை முழுக்க வரும். அதை மாற்றக் கூடாது. சாமியின் முகத்தை மறைக்கிற மாதிரி எந்தப் படக்குறியும் இருக்கக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஓரமாக, வாசலில் செருப்பை ஒதுக்கி வைக்கிற மாதிரி ஒதுக்கி வைத்திருப்பேன். சாமிக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை ஓடும், டாஸ்க்பார். அந்தப் பட்டையைப் பற்றி யாரும் எந்த உத்தரவும் போட்டிருக்கவில்லை. அதனால் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

சின்ன விஷயம்தான். ஆனால் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் பக்கத்து ஊரான சிலமலையில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு, தன்னிஷ்டத்துக்கு ஒரு பொருளை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைக்கிற சுகம் லேசில் கிடைக்காது. வீட்டில் என் சேலைகள் அண்ணன் பிள்ளைகளின் துணிக்கு அடியில் இருக்கின்றன. யாரும் என்னைக் குறை சொல்வதில்லை. இருந்தாலும் ஒரு தட்டை இடம் மாற்றி வைப்பதென்றால்கூட யோசித்துத்தான் வைப்பேன். ஆபீசில் அந்தப் பட்டையில் எதை எங்கே வைப்பதென்று நான் யாரையும் கேட்டதில்லை.

முதலில் நடுவில் கூடிக் கிடந்த படக்குறிகளை இடது பக்கம் தள்ளினேன். புது விண்டோஸ் போட்டதிலிருந்து அவை நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டன, எனக்குக் கை பழகவே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நெட் எவ்வளவு வேகத்தில் வருகிறது, போகிறது என்று காட்டுகிற ஒரு குட்டி மீட்டர். தொட்டால் விரிகிற தமிழ்க் காலண்டர். மறந்துவிடக் கூடாததை எழுதி ஒட்டிவைக்கிற மஞ்சள் சீட்டு. எல்லாம் இலவசம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு தடவை அவசரத்தில் கண்ட இடத்திலிருந்து இறக்கிவிட்டேன். அது கூடவே வேறு எதையோ கூட்டிக்கொண்டு வந்து, எதைத் திறந்தாலும் சூதாட்ட விளம்பரமாக வர ஆரம்பித்தது. சாமி படத்துக்கு மேலேயே வந்தது. முதலாளி வருவதற்குள் அதைத் தேடிப்பிடித்துத் துரத்துவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அதற்குப் பிறகு, செய்தவர்களின் சொந்தப் பக்கத்தில் இருந்து மட்டும்தான் எதையும் இறக்குவேன், இறக்கும்போது வரிவரியாகப் படித்துத்தான் சம்மதம் கொடுப்பேன்.

"ஓசிச் சாமான் எல்லாம் ஒட்டி வச்சிருக்க போல" என்று முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நெட் போய்விட்டால் கம்பெனிக்காரர்கள் எப்போதும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்பார்கள். மீட்டர் வந்த பிறகு நான் அதில் இருக்கிற எண்ணைப் படித்துச் சொல்வேன், அன்றைக்குச் சாயங்காலமே ஆள் வந்து கம்பத்தில் ஏறிவிடுவான். அதைப் பார்த்ததும் முதலாளி சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். ஆனால் ஓசி என்ற சொல்லை விடவில்லை.

கடைசியாகத்தான் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், வானிலை காட்டுகிற ஒன்றை வைத்தேன். எந்த ஊர் என்று அது கேட்டது. போடி என்று அடித்தேன். போடியில் வேலை பார்க்கிற யாரும் அதைத்தான் அடிப்பார்கள், அங்கேதான் தப்பு. எங்கள் பக்கத்தில் "மழையா" என்று ஒருவர் கேட்டால், மேலே மலையில் மழையா என்றுதான் அர்த்தம். போடியில் பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன, ஏலக்காய் இங்கேயா காய்க்கிறது? ஆனி, ஆடியில் மெட்டுக்கு அந்தப் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். இங்கே காற்று மட்டும் மண்ணை வாரிக் கண்ணில் போடும். என் மூலை ஆனி முழுக்க மஞ்சள் சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே போய் நனைந்துவிட்டு வந்த ஜீப்பு டிரைவர் அண்ணன் ஈரத் துண்டோடு ஆபீசுக்குள் வந்து அதைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தச் சூரியன் எந்த நாட்டுல அடிக்குது?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே ஊரை மாற்றினேன். எங்கள் தோட்டத்தின் பெயர் அதற்குத் தெரியவில்லை. மெட்டும் தெரியவில்லை. பூப்பாறை தெரிந்தது. உடனே மூலையில் கறுப்பு மேகமும் சாய்ந்த கோடுகளுமாக வந்தன. வெளியே தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கத்தைப் பார்ப்பது எனக்கு அதுவரை நடக்காத காரியம். சாயங்காலமானால் அது மறுநாள் எப்படி இருக்கும் என்பதையும் காட்டும்.

இனி முதலாளியின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் டீ கிளாசோடு ஆபீஸ் வாசலுக்கு வருவார். மேற்கே மலையைப் பார்ப்பார். மேகம் எங்கே தங்குகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டு, "நாளைக்கு வெயிலு, ஜீப்ப அனுப்பு" என்பார். அல்லது "நாளைக்கு வேணாம்" என்பார். அவருடைய அப்பாவும் இதே வாசலில் நின்று இதையேதான் சொன்னாராம். நான் டிரைவர் அண்ணனுக்குப் போன் போடுவேன். விடிவதற்கு முன்னால் ஜீப்பு சிலமலைப் பக்கம் வந்து காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகும்.

அவர் சொன்னபடி வெயில் அடித்தால் நல்லது. மழை ஊற்றினால், அந்தப் பெண்கள் மேலே, காய் காய வைக்கிற ஸ்டோரின் தாழ்வாரத்தில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். காய் எடுத்தால்தான் கூலி. உள்ளூரில் தக்காளி பறிக்கவோ களை எடுக்கவோ போயிருந்தால் அன்றைய நாள் வீணாகியிருக்காது. அந்த வேலைக்கும் அதற்குள் வேறு ஆள் போயிருப்பார்கள். மலையைப் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர், நனைகிறவர்கள் வேறு. இதை யாரும் ஒரு குறையாகக்கூடச் சொன்னதில்லை. மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடுவார்கள்.

என் மதினியும், அதாவது அண்ணன் பெண்டாட்டியும், அந்த ஜீப்பில் போகிறவள்தான். ஒருநாள் அப்படி நனைந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது நான் வாய்விட்டுவிட்டேன். மூலையில் நேற்றே மழை என்று போட்டிருந்தது என்றேன்.

துவட்டுவதை நிறுத்திவிட்டு மதினி என்னைப் பார்த்தாள். "பாத்துட்டு வந்து வீட்டுல சொல்லாம இருந்தியாக்கும்" என்றாள்.

மறுநாளிலிருந்து ஆபீசைப் பூட்டுவதற்கு முன் அந்த மூலையை மட்டும் போனில் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டசில் வைத்தேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை, வெறும் மூலை. மதினி பார்த்தாள். மதினி பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். பிறகு என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் எல்லாம் பார்த்தார்கள். என் கல்யாண வாழ்க்கையைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தவர்கள்கூட, பஸ்சில் பார்த்தால், "இன்னைக்கு மூலை என்ன சொல்லுது ஆத்தா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அந்த மூலை எப்போதும் சரியாகச் சொன்னது என்று நான் சொல்லவே மாட்டேன். அது ஓர் உத்தேசம். பல நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள் மோசமாகக் காலை வாரிவிட்டது. இடியும் மின்னலுமாகக் காட்டியது. அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி மலையைப் பார்த்துவிட்டு வெயில் என்றார். நான் டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். பூட்டுவதற்கு முன் மூலையையும் படம் எடுத்துப் போட்டேன். விடியற்காலையில் ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. டிரைவரும், ஸ்டோரில் காய் காய வைக்கிற ஆளும் தவிர யாரும் ஏறவில்லை. மேலே அன்றைக்கு ஒரு சொட்டு மழை இல்லை. பளிச்சென்று வெயில் அடித்திருக்கிறது. பழுத்த காய் எடுக்க ஆள் இல்லாமல் செடியிலேயே வெடிக்கக் காத்திருந்தது.

முதலாளி காலையிலேயே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"ஏத்தா, ஒன்னோட மூலை நேத்து என்ன சொல்லுச்சு?"

"மழைன்னு சொல்லுச்சு."

"பேஞ்சுச்சா?"

"இல்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"வெயிலுன்னு சொன்னீக."

அவர் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். தப்பு மூலையின் பேரில்தான். ஆனால் அவர் போனை எடுத்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். இந்தக் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்குவதற்கு மகன் ஏற்கெனவே வழி செய்து வைத்திருந்தான்.

"அக்கா, ஸ்க்ரீன்ல என்னென்னமோ இருக்கு. நான் இங்கேருந்தே க்ளீன் பண்ணிடறேன். நீங்க எதையும் தொடாதீங்க" என்றான். மரியாதையான பையன்தான். குரலில் ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

டாஸ்க்பாரில் நெட் மீட்டரின் எண் குபுகுபுவென்று ஏறியது. அவன் உள்ளே வருவதை என் ஓசிச் சாமான்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. பிறகு திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. என் கை மடியில் இருந்தது. அம்பு கீழே இறங்கிக் காலண்டரைத் தொட்டது, காலண்டர் போனது. மஞ்சள் சீட்டு போனது. அதில் நான் எழுதி வைத்திருந்ததும் சேர்ந்து போனது. அடுத்து மீட்டர் போனது. நான் ஒதுக்கி வைத்திருந்த படக்குறிகள் மறுபடி நடுவில் போய்க் கூடின. என் கண் முன்னால் என் அலமாரியைத் திறந்து ஒருவன் துணியை எடுத்து வெளியே போடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அலமாரி கிடையாது என்பதும் அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

அம்பு வலது மூலைக்கு வந்து நின்றது. நான் குனிந்து, காலடியில் இருந்த நெட் வயரைப் பிடுங்கினேன்.

அம்பு அப்படியே உறைந்து நின்றது. "அக்கா? ஹலோ? கனெக்‌ஷன் போயிடுச்சு" என்றான் போனில்.

"போகல தம்பி. நான்தான் பிடுங்குனேன்."

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை. நானுமே எதிர்பார்க்கவில்லை. "யாரக் கேட்டுப் பிடுங்குன?" என்றார்.

"யாரக் கேட்டு இத எடுக்குறீக?"

"கம்ப்யூட்டரு என்னோடது."

"ஒங்களோடதுதான். வேணும்னா தூக்கிட்டுப் போங்க. ஒரு நாள் தப்பாச் சொல்லுச்சுன்னு இத எடுத்து வெளிய போடணும்ங்குறீக. நீங்க வெயிலுன்னு சொல்லி எத்தன நாள் அந்தப் பொம்பளைக நனைஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தாக. ஒங்கள யாராச்சும் எடுத்து வெளிய போட்டாகளா?"

வயர் என் கையிலேயே இருந்தது. முதலாளி என் பக்கம் ஓர் அடி வந்தார். அடிப்பாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிந்தும். மேசையில் இருந்த போனை எடுத்து அணைத்துவிட்டு, "நாளைக்கு நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பயமாகத்தான் இருந்தது. பஸ்சில் வரும்போது, இனி அண்ணன் வீட்டில் பகலெல்லாம் எந்த மூலையில் உட்காருவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அண்ணன் கேட்டுவிட்டு, வாயை அடக்கியிருக்கலாம் என்றார். மதினி சோறு போட்டாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு நான் ஸ்டேட்டசில் எதுவும் வைக்கவில்லை.

மறுநாள் வழக்கமான பஸ்சுக்கே போனேன். வர வேண்டாம் என்று அவர் சொன்னார், வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆபீசைத் திறந்தேன். வயரைச் சொருகினேன். படக்குறிகளை இடது பக்கம் தள்ளினேன். மீட்டர், காலண்டர், சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கினேன். இறக்கும்போது வரிவரியாகப் படித்துத்தான் சம்மதம் கொடுத்தேன். முதலாளி வந்தார், திரையைப் பார்த்தார், போய்விட்டார்.

சாயங்காலம் டீ கிளாசோடு வாசலுக்குப் போனார். மலையைப் பார்த்தார். "நாளைக்கு வெயிலு. ஜீப்ப அனுப்பச் சொல்லு" என்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். நான் போன் போட்டேன்.

"தங்கச்சி, முதலாளிட்ட போனக் குடு. பொம்பளைக பேசணும்ங்குறாக" என்றார் டிரைவர் அண்ணன்.

ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். வந்தது என் மதினியின் குரல். வீட்டில் அண்ணனிடம்கூட அவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"முதலாளி, நீங்க வெயிலுன்னு சொல்லி நாங்க ஏறுனா, மழை பேஞ்சாலும் கூலி குடுக்கணும். மூலையப் பாத்துட்டு நாங்க ஏறாம நின்னுக்கிட்டா, அந்த நட்டம் எங்களோடது. இதுக்குச் சரின்னா நாளைக்கு வர்றோம். வெரசா சொல்லுங்க, சோலி கெடக்கு."

முதலாளி போனைப் பிடித்தபடி திரும்பி மலையைப் பார்த்தார். அவர் இரண்டாவது தடவை மலையைப் பார்த்து நான் கண்டதே இல்லை. பார்த்துவிட்டு, "வெயிலடிக்கும்னுதான் நெனக்கிறேன்" என்றார்.

"நெனக்கிறதுக்கு நாங்க ஏற முடியாது முதலாளி. அதுக்குத்தான் மூலை இருக்கே" என்றாள் மதினி.

டீ ஆறிவிட்டது. அதைக் கீழே ஊற்றினார். முழுக் கூலி முடியாது என்றார். மதினி விடவில்லை. கடைசியில் நனைந்து திரும்பினால் பாதிக் கூலி என்று முடிந்தது. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் கேட்காதது அது. மறுநாள் ஜீப்பு நிறையப் போனார்கள். மேலே மத்தியானம் வரை வெயில் அடித்தது, அதற்குப் பிறகு தூறியது. அதனால் யார் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து முதலாளி, நாளைக்கு வெயில் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெயில் மாதிரி இருக்கிறது, போகிறவர்கள் போகட்டும் என்கிறார். நான் அதையும் சொல்கிறேன், மூலையையும் படம் எடுத்துப் போடுகிறேன். ஏறுவதும் நிற்பதும் அவர்கள் இஷ்டம்.

என்னை வேலையை விட்டு எடுத்தாரா, திரும்பச் சேர்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சம்பளம் வருகிறது. போன வாரம் கணக்குக்கு ஒரு புது சாப்ட்வேர் போட வேண்டியிருந்தது. மகன் சென்னையிலிருந்து உள்ளே வந்தான். மீட்டரில் எண் ஏறியது. அம்புக்குறி சாமி படத்தின் மேல் நகர்ந்து, எதையோ தேடிக்கொண்டு டாஸ்க்பாருக்கு இறங்கி, வலது மூலைப் பக்கம் போனது.

"தம்பி, நான் குனிஞ்சுட்டேன்" என்றேன் போனில், நெட் வயரைப் பிடித்தபடி.

அம்பு நின்றது. பிறகு மெதுவாக இடது பக்கம் திரும்பி வந்தது.

"தொடலக்கா" என்றான். "அது அங்கேயே இருக்கட்டும்."